'கவர்மெண்ட் பேட்டரி' என்று யாராவது கதவைத் தட்டினால்

போன மாதம் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஓர் அக்கா பிளாஸ்டிக் ஃபைலும் கையுமாக வந்தார். "தம்பி, கவர்மெண்ட் பேட்டரி குடுக்குதாம். டெபாசிட் 800 வெள்ளி கட்டிட்டேன். மிச்சத்த மாசா மாசம் கட்டணுமாம். பாரத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

ஃபைலுக்குள் ஒரு கலர் தாள். வரிசையாகக் காற்றாலைகள், கீழே வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள். அதற்குப் பின்னால் ஒரு ரசீது. "உங்க டிஎன்பி பில் எங்கேக்கா?" என்று கேட்டேன். டிஎன்பி என்பது நம் மலேசியாவின் மின்சாரக் கம்பெனி. அக்காவுக்கு அந்த பில்லே கிடையாது. லயத்துக்குத் தோட்டத்துக் கரண்டு. சப் மீட்டர் பார்த்துச் சம்பளச் சீட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். டிஎன்பி கணக்கே இல்லை, விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பணம் வாங்கிய ஆளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அந்தப் படம் தென் ஆஸ்திரேலியாவுடையது. அங்கே மின்சாரத்தில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு காற்றும் வெயிலும் தருவது. 2016 செப்டம்பரில் புயலில் கம்பிக் கோபுரங்கள் சாய்ந்து, காற்றாலைகளும் அடுத்தடுத்து நின்று, மாநிலமே இருண்டது. மறு வருடம் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைக்குப் பக்கத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். காற்று திடீரென்று குறைந்தாலும் கூடினாலும் நொடிக்குள் சமாளிப்பது அதன் வேலை. வீட்டு பேட்டரிக்கும் அந்த நாட்டு அரசாங்கம் 2025 ஜூலையிலிருந்து சுமார் 30 விழுக்காடு கழிவு தருகிறது. விற்பனைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. என்ன, அது வேறு நாட்டுக் கதை.

நம் நாட்டில் காற்று பலவீனம், வெயில்தான் பலம். எரிசக்தி ஆணையம் 400 மெகாவாட் பேட்டரிக்கு ஏலம் விட்டதும் உண்மை. ஆனால் அவை நாட்டு மின்கட்டமைப்புக்கு; கொள்கலன் அளவுப் பெட்டிகள். வீட்டுக்கு உள்ளது 2026 ஜனவரி 1-இல் தொடங்கிய சோலார் அட்டாப். மலாயில் அட்டாப் என்றால் கூரை; பெயரிலேயே கூரை இருக்கிறது. கூரையில் சோலார் போட்டு, மிஞ்சுவதை டிஎன்பிக்குக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளலாம். பேட்டரிக்குப் பணம் தரும் திட்டம் அல்ல.

சரி, இதில் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று பார்ப்போம்.

முதல் பூட்டு கணக்கின் பெயர். டிஎன்பி கணக்கு உள்ளவர்தான் சேர முடியும். லயத்தில் இருப்பவர்களுக்கு வழியில்லை, யாரிடமும் பணம் கட்டாதீர்கள். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சொந்த வீடு இருந்தாலும் பலருக்கும் கணக்கு செத்துப்போன அப்பா பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பில் ஒழுங்காகக் கட்டும்வரை யாரும் கேட்பதில்லை. ஒரு பாரம் போட்டால் போதும், அப்போதுதான் அலைச்சல் ஆரம்பம். மாமா ஒருவரை ஒரு கவுண்டரில் கிரான், அதாவது நிலப் பட்டா, கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனார். கிரானும் அப்பா பெயரில் இருக்கிறதே, பூசாக்கா (இறந்தவர் சொத்தைப் பிரித்து எழுதுவது) முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அங்கே போனால், உடன்பிறப்புகள் எல்லாருடைய ஐசியும் (அடையாள அட்டை) வேண்டும். தங்கை சிங்கப்பூரில். மூன்று தடவை அரைநாள் லீவு போட்டு மனுஷன் ஓய்ந்துவிட்டார். இந்தப் பட்டியலை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கவுண்டரில் சொல்வதை நீங்களே எழுதி, தேதி போட்டு, "இவ்வளவுதானே?" என்று அந்த அதிகாரியிடமே காட்டுங்கள். அடுத்த முறை வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே பெயர் மாற்றம் முடியும்வரை சோலார் கம்பெனிக்கு ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, விண்ணப்பம் போடுவது செடாவில் (புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான அரசு அமைப்பு) பதிவுபெற்ற நிறுவனம். அந்தப் பட்டியல் செடா இணையத்தளத்தில் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசை போட்டிருப்பவர் அரசாங்க ஆள் இல்லை.

மூன்றாவது, கணக்கு. அட்டாப்புக்கு முந்தைய கூரைச் சோலார் திட்டமான நெம்மில் சேர்ந்த உங்கள் மச்சானுக்கு, கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழிந்தது; மிஞ்சியது அடுத்தடுத்த மாதத்துக்கும் போனது. அட்டாப்பில் அப்படியில்லை. கொடுக்கும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டண விலைதான், சாதாரண வீட்டுக்கு 27 சென். அந்த மாதத்துக்குள் கழியாதது போச்சு. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், கூரை விளைவிப்பது பெரும்பாலும் வெளியேதான் போகும்.

"அதனால்தான் பேட்டரி வாங்குங்கள்" என்பார் விற்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதம் 300 யூனிட் ஓடும் வீட்டின் பில், சேமிப்புக் கழிவெல்லாம் போக, 70 வெள்ளியைத் தொடாது. அதை முழுசாகத் துடைத்தாலும் வருடத்துக்கு 840 வெள்ளிக்குள்தான். தவணை அதைவிட அதிகம் என்றால் கையெழுத்துப் போடுவதில் என்ன லாபம்?

இன்னொரு பேச்சு, நேரக் கட்டணம். இரவு மலிவாக நிரப்பி மாலையில் செலவழிக்கலாம் என்பார்கள். வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், யூனிட் 28.52 சென். மற்ற நேரம் 24.43. வித்தியாசம் 4 சென் சொச்சம். 10 யூனிட் பேட்டரியை வார நாள்தோறும் நிரப்பிக் காலி செய்தாலும் மாதம் சுமார் 9 வெள்ளி. நாலு ஏர்கான் ஓடும் வீட்டுக்காரர் வேறு கணக்குப் போடட்டும். நம் ஊரில் அப்படி எத்தனை வீடு?

இடி மழைக்குக் கரண்டு போகும் ஊர் இது. நிறையப் பேர் ஆசைப்படுவதே அதற்காகத்தான். கவனமாகக் கேளுங்கள்: கரண்டு போனால் கூரைச் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதால் அப்படித்தான் அமைப்பார்கள். பேட்டரி இருந்தாலும், தனி பேக்கப் இணைப்பு போடாவிட்டால் வீடு இருட்டுதான். எந்தெந்த பிளக், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உட்கார்ந்து அழ வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். போராங் 1 (முதல் பாரம்), கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனியின் முழுப் பெயரும் எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு) எண்ணும் முகவரியும் இல்லாமல் நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது? ரசீதில் அவை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அக்காவின் ரசீதில் முத்திரை இருந்தது, எண் இல்லை. வாட்ஸாப்பில் வந்த விளம்பரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். நல்லவேளை, அவர் மகள் அதை அழிக்கவில்லை. பாரம் போன வாரம் போயிருக்கிறது. ரசீது கடைச் சுருள் தாள்; அதற்குள் பாதி மங்கிவிட்டது. உங்கள் ரசீதும் அப்படியென்றால் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.