விலங்கு செல்லா, விலங்குக் கலமா?

பள்ளி அறிவியல் கண்காட்சியில் களிமண்ணால் செய்த விலங்கு செல் மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். நடுவில் ஓர் உருண்டை, சுற்றிலும் அவரைக்கொட்டை அளவில் சில துண்டுகள், மடித்து மடித்து வைத்த நாடா, குச்சியில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள். தமிழ்நாட்டு மாணவர் சீட்டில் 'விலங்கு செல்' என்று எழுதுவார். யாழ்ப்பாணத்து மாணவர் 'விலங்குக் கலம்' என்று எழுதுவார். கலமே நல்ல தமிழ்ச் சொல், இரு கரையிலும் அதுவே வழங்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் செல். லத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை. பொருள்களைச் சேமித்து வைக்கும் அறைக்கும் அதே பெயர். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி அறைகள் தெரிந்தன. ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அவர் கண்டது செத்துப்போன தாவர செல்களின் சுவர்களை மட்டும்தான். 1839இல் தியோடர் ஷ்வான் விலங்குகளின் உடலும் செல்களால் ஆனதே என்று நிறுவியபோது, பழைய பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. விலங்கு செல்லுக்கோ சுவரே கிடையாது, வெறும் சவ்வுதான். 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல்லை 20 சென்டிமீட்டர் களிமண் மாதிரியாகச் செய்தால், அதே விகிதத்தில் சவ்வின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வரும். ஏறக்குறைய ஒரு நோட்டுத் தாளின் தடிமன்தான்! இதை அறை என்று எப்படிச் சொல்வது?

தமிழில் 'செல்' வேறு விதத்திலும் இடிக்கும். 'போ' என்பதற்கும் செல், கறையானுக்கும் செல். செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்தச் செல். அப்புறம் கையில் இருக்கும் செல்போன் வேறு.

'உயிரணு' என்று எழுதுவோரும் உண்டு. அழகான சொல்தான். ஆனால் அணு என்பதை வேதியியலுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே ஒரு செல்லுக்குள் கோடானுகோடி அணுக்கள் இருக்கின்றன. போதாததற்கு, பேச்சு வழக்கில் பலருக்கும் உயிரணு என்றால் விந்தணுதான் நினைவுக்கு வரும்.

சரி, கலம். ஒன்றைத் தனக்குள் ஏந்தி நிற்பது கலம். உண்கலம், மரக்கலம் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. மண்ணோடு இந்தச் சொல்லுக்கு உள்ள உறவு மிகப் பழையது. கணவனை இழந்த ஒருத்தி, இறந்தவரைப் புதைக்கும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி குயவரிடம் வேண்டும் புறநானூற்றுப் பாட்டு 'கலஞ்செய் கோவே' என்றுதான் தொடங்குகிறது. சுடாத பச்சை மண் பாத்திரத்தைத் திருக்குறள் 'பசுமட்கலம்' என்கிறது.

கிரேக்கத்துக்குப் போனால் இன்னும் தெளிவாகும். செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருளுக்குப் பெயரான சைட்டோபிளாசம் என்ற சொல்லில் வரும் 'கைட்டோஸ்' என்பதற்கு உட்குழிந்த கலம் என்று பொருள். ஆக, செல் என்று சொல்லும் அறிவியலே கூட்டுச் சொற்களில் கலத்தைத்தான் வைத்திருக்கிறது. பின்பாதியான 'பிளாசம்', மண்ணையோ மெழுகையோ பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கும் அதே வேர்தான். களிமண்ணைப் பிசைந்து செல் செய்யும் பிள்ளை, தனக்குத் தெரியாமலே அந்தச் சொல்லின் ஆதி அர்த்தத்தையே செய்துகொண்டிருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் இதைக் 'குழியவுரு' என்கின்றன: குழியம், உரு என இரண்டு பாதியும் அப்படியே வந்துவிட்டன.

செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அங்கே 'இழைமணி'. கிரேக்கத்தில் இழை, சிறுமணி என்ற இரண்டும் சேர்ந்துதான் 1898இல் கார்ல் பெண்டா அந்தப் பெயரை அமைத்தார். மாதிரியின் நடு உருண்டைக்குப் பெயரான உட்கரு மட்டும் இங்கேயே நன்றாகப் பழகிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

கலம் புதுச்சொல்லாக இருக்கிறதே என்று தயங்குபவர்கள் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். டார்ச்சில் போடும் செல்லுக்குத் தமிழ்நாட்டிலும் 'மின்கலம்' என்றுதான் பெயர். அடுத்த வகுப்பில் உயிரியல் ஆசிரியர் வந்ததும் அதே மாணவர் செல்லுக்குத் திரும்பிவிடுகிறார்.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கலமும் கலனும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இரத்தக் குழாயைக் 'குருதிக் கலன்' என்று சொல்வதால், இரத்தச் செல்லைக் 'குருதிக் கலம்' என்றால் குழப்பம் வரும். அதற்கும் இலங்கையில் வழி வைத்திருக்கிறார்கள்: செங்குழியம், வெண்குழியம். தமிழ்நாட்டில் வழங்கும் சிவப்பணு, வெள்ளையணுவுக்கு இவற்றையே எடுத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் விலங்குக் கலம், தாவரக் கலம், கலப்பிரிவு என்று தாராளமாக எழுதலாம்.