கண்ணாடித் தொட்டியில் வட்டத் துளை விழுவது எப்படி?

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறவர்கள், ஒரு கட்டத்தில் சம்ப் வைக்க ஆசைப்படுவார்கள். பெரிய தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டியை வைத்து, பஞ்சு, பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டைகள், ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடுவதுதான் சம்ப். மேல் தொட்டியில் நீர் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் தானாக வழிந்து கீழே இறங்க வேண்டும். மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். அப்படி இறங்குவதற்குப் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு வட்டத் துளை வேண்டும். பெரும்பாலானவர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் நேர்க்கோட்டில் வெட்டுவதைப் பார்த்தால் வேலை எளிதாகத்தான் தெரியும். அளவுகோலை வைத்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, மேசை விளிம்பில் வைத்து அமுக்கினால் 'டக்' என்று பிரிந்துவிடும். சில நொடிதான். அதே 6 மி.மீ. கண்ணாடியில் 40 மி.மீ. வட்டம் போட வேண்டுமென்றால், டிரில்லைப் பிடித்துக்கொண்டு பல நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை என்பதில் பதில் இருக்கிறது. அதன் சிறு சக்கரம் மேற்பரப்பில் மெல்லிய விரிசல் ஒன்றை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். நாம் வளைத்து அமுக்கும்போது அந்த விரிசல் வாய் திறந்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடிவிடுகிறது. நேர்க்கோட்டு விரிசல் வெளியேற வழி இருக்கிறது. வட்டத்துக்கு அது கிடையாது. கண்ணாடியின் நடுவே வட்டமாகக் கீறிவிட்டாலும் உள்ளே இருக்கும் வில்லையை வளைக்க முடியாது, விலக்கவும் முடியாது. சுற்றிலும் கண்ணாடி நெருக்கிப் பிடித்திருக்கிறது. தட்டி எடுக்கப் பார்த்தால் விரிசல் தன் போக்கில் ஏதாவது ஒரு மூலையைப் பார்த்து ஓடும்.

விரிசலின் இந்தக் குணத்தைக் கணக்காகச் சொன்னவர்கள் உண்டு. மசாலா பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று கொடுத்திருப்பார்கள். அங்கே பிடித்து இழுத்தால் சுலபமாகக் கிழிந்துவிடும். இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிவதுதான் காரணம். 1913இல் இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் இதை நீள்வட்டத் துளைக்குக் கணக்கிட்டுக் காட்டினார். இழுக்கும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் நீள்வட்டம் ஒன்றின் நீளம் அதன் அகலத்தைப்போல 100 மடங்கு என்றால், அதன் நுனியில் இழுவிசை 201 மடங்காகிறது. மெல்லிய கீறல் ஒன்று கண்ணாடிக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்த எண்ணிலேயே தெரியும். எஃகாக இருந்தால் அந்த நுனியில் கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பித்துவிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது. அணுப் பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடிக்கு இருக்க வேண்டிய வலிமையில், நடைமுறையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண் கீறல்களே அதற்குக் காரணம் என்று 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கினார். அவர் சோதனை செய்ததும் கண்ணாடியில்தான்.

இதே கணக்கில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீளமும் அகலமும் சமமான நீள்வட்டம்தான் வட்டம். அதற்கு இந்தப் பெருக்கம் வெறும் 3 மடங்கு. ஜெர்மானியரான கிர்ஷ் 1898லேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். துளை பெரிதானாலும் சிறிதானாலும், சுற்றியுள்ள கண்ணாடி அதைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கும்வரை அதே 3தான். ஆகவே வழுவழுப்பான வட்டத் துளை தொட்டியை உடைத்துவிடாது. அந்த வட்டத்தின் விளிம்பில் பிளவு இருந்தால்தான் சங்கடம். ஏற்கெனவே 3 மடங்கான இழுவிசையைப் பிளவின் நுனி மேலும் பெருக்கிவிடும். துளை போட்டு முடித்ததும் விளிம்பை வாட்டர் பேப்பரால் நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்வது அழகுக்காக அல்ல.

சரி, விரிசலை ஓடவிடாமல் துளை போடுவது எப்படி? கோடிக்கணக்கான குட்டி விரிசல்களை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஓடுவதற்கு முன்பே நிறுத்திவிடுவதுதான் வழி. டிரில்லின் முனையில் மாட்டும் கண்ணாடிக்கான பிட்டுக்குப் பல் இருக்காது. அது ஒரு எஃகுக் குழாய். அதன் வாயில் வைரத் துகள்களை நிக்கல் முலாம் கொண்டு பதித்திருப்பார்கள். சுழலும்போது ஒவ்வொரு துகளும் கண்ணாடியில் நுணுக்கமாகக் குத்தி, பக்கவாட்டில் விரிசல் விட்டு, ஒரு செதிலைப் பெயர்த்து எறிகிறது. விரிசலின் ஆழம் துகளின் அளவோடு நின்றுவிடுகிறது. இதற்குத் தேய்ப்பது என்றுதான் பெயர். வெட்டு என்று எதுவும் இங்கே நடப்பதில்லை. மெதுவாக நடப்பதும் அதனால்தான்.

குழாய் வடிவத்துக்கும் காரணம் உண்டு. 40 மி.மீ. துளைக்கு, குழாயின் சுவர் ஒன்றரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தேய்த்து எடுக்க வேண்டியது முழு வட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான். மீதி அப்படியே வில்லையாக வந்துவிடும்.

யோசனை புதிதல்ல. பழைய எகிப்தில் செம்புக் குழாயையும் மணலையும் வைத்துக் கருங்கல்லில் துளை போட்டிருக்கிறார்கள். அப்படி விழுந்த கல் உருளைகளை 1880களில் கீசாவில் ஆராய்ந்த தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி பதிவு செய்திருக்கிறார். செம்பு மிருதுவானது, கல்லைத் தேய்க்காது. தேய்ப்பது மணல், மிருதுவான செம்பு அந்த மணலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. நம் நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த குவார்ட்ஸ், கார்னீலியன் மணிகளில் உள்ள நுண்துளைகளைப் பார்த்தாலும் இதே பிரமிப்பு வரும். உடையும் குணமுள்ள கல்லைத் துளைக்கும் கைப்பழக்கம் நமக்கும் மிகப் பழையது. வைர பிட் கிடைக்காத இடத்தில், செம்புக் குழாயும் மோட்டார் உதிரிபாகக் கடையில் விற்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டும் இன்றைக்கும் கண்ணாடியைத் துளைக்கும். நேரம்தான் பிடிக்கும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் இல்லாமல் கண்ணாடியில் பிட்டை வைக்கவே கூடாது என்று அழுத்திச் சொல்வேன். தேய்க்கும் இடத்தில் சூடு பிறக்கிறது. கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவது எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு குறைவு. அதனால் சூடு அந்த வளையத்திலேயே தங்கிவிடும். சூடான வளையம் விரியப் பார்க்கும், குளிர்ந்த சுற்றுப்புறம் விடாது. சாதாரணக் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள் 40, 50 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடப் போதுமானது. கை சுடும் அளவுக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. தண்ணீர் அந்தச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கூடவே பால் போலத் திரளும் கண்ணாடித் தூளைக் கழுவி வெளியேற்றுகிறது, அது மூச்சில் போகாமலும் காக்கிறது. தூள் பள்ளத்திலேயே தங்கினால் வைரத் துகள் கண்ணாடியைத் தொடாமல் தூளின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு ஏறும், துளை இறங்காது. துளை இடத்தைச் சுற்றி மாவோ களிமண்ணோ கொண்டு சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கி வைத்தால் போதும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், பேட்டரி டிரில்லாக இருப்பது நல்லது.

வேகத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முக்கியம் பிட்டின் விளிம்பு கண்ணாடி மேல் ஓடும் வேகம்தான். 35 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நிமிடத்தில் 77 மீட்டர் ஓடுகிறது. 6 மி.மீ. பிட் அதே தூரம் ஓட 4,000 சுற்றுக்கு மேல் வேண்டும். பெரிய துளைக்கு மெதுவாக, சிறிய துளைக்கு வேகமாக என்ற வழக்கம் இதிலிருந்து வந்ததே. அழுத்தம் என்று தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம், டிரில்லின் எடையே போதும்.

தொடக்கத்திலும் முடிவிலும் கவனம் வேண்டும். குழாய் பிட்டுக்கு நடுவில் கூர்முனை இல்லாததால், ஆரம்பத்தில் பனிக்கட்டி மேல் வைத்தாற்போல வழுக்கி ஓடும். பிளைவுட் துண்டில் அதே அளவுத் துளை போட்டு, அதைக் கண்ணாடி மேல் கிளாம்ப் செய்து வழிகாட்டியாக வைப்பது நம்பகமான முறை. பிட்டைச் சாய்த்துப் பிறைபோல ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துவது கைதேர்ந்தவர்கள் முறை. முடிவில் நடப்பது வேறு. ஆழம் போகப் போக மிச்சமிருக்கும் கண்ணாடி காகிதம்போல மெலிகிறது. அந்த நேரத்தில் அமுக்கினால், தேய்ந்து முடிவதற்குள் வில்லை பிய்த்துக்கொண்டு போகும், பின்பக்கத்தில் அகலமான செதிலும் பெயர்ந்து வரும். அங்கே அடிக்கு ஒரு பழைய கண்ணாடியையோ பலகையையோ ஒட்டிவைத்து, கையின் பாரத்தைக் கூடக் குறைத்துவிட வேண்டும். துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது துளையின் விட்டம் அளவு இடம் விடுவது பழக்கத்தில் உள்ள விதி. கிர்ஷின் 3 மடங்கு, பக்கத்தில் வேறு விளிம்பு இல்லாத அகலமான தகட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இவ்வளவும் சாதாரணக் கண்ணாடிக்கு. டஃபன்ட் எனும் வலுவூட்டிய கண்ணாடியில் மட்டும் இந்த வேலை நடக்கவே நடக்காது. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீச்சிச் சட்டெனக் குளிரவைக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு குளிர்ந்து சுருங்கும்போது வெளித்தோலை இறுக்கிப் பிடித்து இழுக்கும். வெளியே நெருக்கம், உள்ளே இழுவிசை என்று நிலைத்துவிடுகிறது. மேல் கீறல்கள் நெருக்கத்தில் மூடிக்கிடப்பதால் அது உறுதியாக இருக்கிறது. பிட் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போனதும், அடக்கிவைத்த இழுவிசை முழுவதும் விடுபட்டு, பலகை முழுவதும் ஒரே நொடியில் துண்டு துண்டாகிவிடும். ஆயத்தமாக விற்கும் தொட்டிகள் சிலவற்றில் அடிக்கண்ணாடி இப்படிப்பட்டது. கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மடிக்கணினியின் வெள்ளைத் திரையை வைத்து, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். திரை இருட்டாகும்வரை குளிர்கண்ணாடியைத் திருப்புங்கள். இடையில் உள்ள கண்ணாடியில் வெளிச்சத் திட்டுகளோ பட்டைகளோ தெரிந்தால் அது டஃபன்ட். உள்ளே உறைந்திருக்கும் விசை ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடுவதால் அப்படித் தெரிகிறது.

அக்ரிலிக்கில் தொட்டியோ பில்டர் பெட்டியோ செய்கிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. அக்ரிலிக்கை வெட்டலாம், சீவலாம். ஆனால் அது 105 டிகிரி அருகே இளகிவிடும், வெப்பத்தைக் கடத்துவதில் கண்ணாடியைவிடவும் மோசம். நிறுத்தாமல் ஓட்டினால் சீவல் உருகிப் பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுத் தொடர வேண்டும். இரும்புக்கான சாதாரண பிட், மறுபக்கம் வெளிவரும் தருணத்தில் திருகாணிபோல அக்ரிலிக்கைக் கவ்வி இழுக்கும். விரிசல் விழுவது அப்போதுதான். வெட்டு விளிம்பின் முன்முகத்தைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கினால், அது கவ்வுவதை விட்டுச் சுரண்டத் தொடங்கிவிடும். துளை போட்ட இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். துளையைச் சுற்றித் தங்கியிருக்கும் விசையும் ஆல்கஹாலும் சேர்ந்தால் பட்டுநூல் போன்ற மெல்லிய விரிசல்கள் கொத்தாகக் கிளம்பும். அக்ரிலிக் வேலை செய்பவர்கள் ஒட்டுவதற்கு முன் பலகையை 80 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிடுவது இந்த விசையைத் தளர்த்தத்தான். பிவிசி குழாய் மிகவும் சாது. ஹோல் சா எனும் வட்ட ரம்பத்தை மெதுவாக ஓட்டினால் போதும்.

மெல்லிய பிளாஸ்டிக் மூடியில் காற்றுக் குழாய்க்குத் துளை போட்டு, குரோமெட் எனும் ரப்பர் வளையம் மாட்டியும் ஒழுகினால், துளை உண்மையில் வட்டமா என்று பாருங்கள். இரண்டு விளிம்புள்ள பிட், மெல்லிய தகட்டில் முனை வெளியே வந்தபின் நடுப்பிடி இழந்து தள்ளாடும். ஒரு விளிம்பு மாட்டிக்கொள்ள, மறுவிளிம்பு அதைச் சுற்றி வரும், பிறகு மாறும். விழுவது மூலை மழுங்கிய முக்கோணம். விசித்திரம் என்னவென்றால், அந்த வடிவத்தை எந்தத் திசையில் வெர்னியரால் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டம் காட்டும். படிப்படியாகப் பருத்துப்போகும் ஸ்டெப் பிட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஒவ்வொரு படியும் முந்தைய படி போட்ட வட்டத்தைப் பிடித்துக்கொண்டே அகலப்படுத்துகிறது.

துளை விழுந்தபின், குழாயைத் தொட்டியோடு ஒழுகாமல் இணைக்கும் டேங்க் கனெக்டர் மாட்ட வேண்டும். 50 செ.மீ. ஆழத்தில் உள்ள 40 மி.மீ. துளையை நீர் தள்ளும் விசை சுமார் 630 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவுதான். பைப் ரெஞ்சு போட்டு நட்டை முறுக்கினால் நூறு கிலோவுக்கு மேல் நெருக்கிவிடலாம். துளை போடும்போது உடையாத கண்ணாடி இங்கே உடைவதற்கு அதுவே காரணம். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். ரப்பர் வாஷர் நட்டின் பக்கம் இல்லாமல், தலைப் பக்கம் இருக்கட்டும்; நட்டோடு சேர்ந்து திருகி மடங்காது. மரை கண்ணாடியைத் தொடாதபடி துளை ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும்.

விளிம்பில் பெயர்ந்த செதில் வாஷருக்குள் மறைந்துவிடும் அளவில் இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் விளிம்பிலிருந்து வெளியே ஓடும் விரிசல், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்தக் கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும். விசை தாங்கி நிற்கும் விரிசலின் நுனியில் தண்ணீர் மூலக்கூறுகள் நுழைந்து, சிலிக்கானையும் ஆக்சிஜனையும் பிணைக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகும். காய்ந்த கண்ணாடியில் அசையாமல் கிடந்திருக்கும் விரிசல், நீர் நிரம்பிய தொட்டியில் வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து ஒருநாள் விளிம்பைத் தொட்டுவிடும். சிலிகான் பூசி மூடினாலும், அந்த நுனிக்கு ஈரம் போவதை நிறுத்த முடியாது.