இறந்தவரின் பெயரில் ஏல நோட்டீஸ் வந்தால்

அப்பா காலமாகிவிட்டார், இனி அந்தக் கடன் வழக்கு அவரோடு முடிந்ததுதானே என்று கேட்டு வருபவர்களைப் பெங்களூரு சிவில் நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பலரும் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தினர். தகப்பனார் உழைத்துக் கட்டிய ஒரே வீடு. அதன் கதவில் ஒட்டப்படும் நோட்டீஸ் கன்னடத்தில் இருக்கும். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ தமிழ் மட்டுமே படிக்க வரும். இறந்தவர் பெயர்தானே இருக்கிறது, நமக்கென்ன என்று அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் நீதிமன்ற ஊழியரான அமீனாவுடன் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

ஆள் போனதும் கடனும் போயிற்று என்று குடும்பம் நினைக்கிறது. கடனைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணையான டிக்ரி கையில் இருக்கும்போது ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கடன் கொடுத்தவர் நினைக்கிறார். சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, டிக்ரிப் பணம் முழுவதும் தீருமுன் கடனாளி இறந்தால், அவருடைய சட்டப் பிரதிநிதிகள் மீது அதை நிறைவேற்றலாம். ஆனால் இறந்தவரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்தான். மகன் தன் சொந்தச் சம்பளத்தில் ஹொசகோட்டையில் வாங்கிய மனையை அப்பாவின் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அதே சட்டத்தில் டிக்ரியை நிறைவேற்றுவது பற்றிய கட்டளை 21இன் விதி 22 பற்றி. வாரிசுகளுக்கு எதிராக டிக்ரியை நிறைவேற்றுவதென்றால், அதற்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டு முதலில் அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதைத் தவிர்க்க நீதிமன்றம் நினைத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சொத்தை விற்கும் அதிகாரமே இந்த நோட்டீஸால்தான் நீதிமன்றத்துக்கு வருகிறது என்று 1914இல் ரகுநாத் தாஸ் எதிர் சுந்தர் தாஸ் கேத்ரி வழக்கில், அன்று இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் கூறியது. நோட்டீஸே போகாமல் நடந்த ஏலத்தை எதிர்க்க இன்றும் வழக்கறிஞர்களான நாங்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான். வழக்கில் சேர்க்கப்படாதவர், அல்லது உரியபடி பிரதிநிதித்துவம் பெறாதவரின் பங்கை விற்க முடியாது என்பதற்கு 1904ஆம் ஆண்டின் கியாராஜ்மல் எதிர் தாயிம் தீர்ப்பு இருக்கிறது. வாரிசுகளில் மைனர் குழந்தை இருந்து, அதற்குக் காப்பாளரை நியமிக்காமலே விற்றிருந்தால் இதை மறக்கக் கூடாது.

பெண்களின் நிலைதான் என்னை மிகவும் வருத்துகிறது. இந்துத் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவருடைய தாயார் எல்லோருக்கும் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பங்கு கொடுக்கிறது. டிக்ரியை நிறைவேற்றக் கேட்டுக் கடன் கொடுத்தவர் போடும் நிறைவேற்று மனுவிலோ பெங்களூருவில் இருக்கும் மூத்த மகனின் பெயர் மட்டும் இருக்கும். கிருஷ்ணகிரிக்கும் வேலூருக்கும் கட்டிக்கொடுத்த மகள்களுக்கு ஏலம் முடிந்த பிறகுதான் செய்தி போகும். இங்கே ஒரு கடினமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு விசாரித்து, தெரிந்த வாரிசுகளைச் சேர்த்திருந்தால், விடுபட்டவர்களையும் அந்த நடவடிக்கை கட்டுப்படுத்தும் என்பது 1964இல் தயா ராம் எதிர் ஷியாம் சுந்தரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. மோசடியோ கூட்டுச் சதியோ இருந்தால் அது பொருந்தாது. ஆகவே மகள்கள் இருப்பது கடன் கொடுத்தவருக்குத் தெரியும் என்று காட்டும் கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதம், பத்திரத்தில் போட்ட சாட்சிக் கையெழுத்து எதுவானாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

செல்லாத விற்பனை தானாக ரத்தாகிவிடாது. 1900இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மல்கார்ஜுன் எதிர் நர்ஹரி வழக்கில் நோட்டீஸ் தவறான ஆளுக்குப் போயிருந்தது. தான் வாரிசு இல்லை என்று அவர் சொல்லியும் ஏலம் நடந்தது. நீதிமன்றம் தவறாக முடிவு செய்தது உண்மைதான், ஆனாலும் உரிய காலத்துக்குள் ரத்து செய்யக் கேட்காததால் ஏலம் நிலைத்தது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனாளி இறந்திருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை. வாரிசுகளைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஏலம் ரத்தாகாது. தங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்று வாரிசுகள் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்படுமாறு காட்ட வேண்டும் என்கிறது விதி 22ஏ.

முறைகேடு, மோசடி காரணமாக ரத்து கேட்கும் மனுவுக்கு ஏல நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கோரும் காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, கட்டளை 21இன் கீழ் வரும் மனுக்களுக்குப் பொருந்தாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, காரியம் முடியவில்லை என்று நீங்கள் சொல்லும் காரணம் எவ்வளவு உண்மையானாலும் நீதிபதியின் கை கட்டப்பட்டிருக்கும். பணம் புரட்ட முடிந்தால் விதி 89 இருக்கிறது: அதே 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட தொகையோடு, ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் 5 சதவீதமும் கட்டினால் வீடு திரும்பும். ஏலத்தை எதிர்க்கும் மனுவை நடத்திக்கொண்டே இதைக் கேட்க முடியாது; அதைத் திரும்பப் பெற்றுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

வங்கிக் கடனுக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் தனிப் பாதை. நீதிமன்ற டிக்ரி இல்லாமலே வங்கி விற்கலாம். ஆனால் 60 நாள் அவகாசம் தரும் கோரிக்கை நோட்டீஸை, இறந்தவர் பெயருக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று வங்கி இருந்துவிட முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுக, வங்கி சொத்தின் மீது நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது 45 நாள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்க முடியும். 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது.

வழக்கோ கடனோ இருக்கும் வீட்டில் சாவு நேர்ந்தால், இறப்புச் சான்றிதழ் கிடைத்த கையோடு வங்கிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதியை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். நிறைவேற்று மனு நிலுவையில் இருந்தால், இறப்பைத் தெரிவித்து வழக்கறிஞர் மூலம் அந்த நீதிமன்றத்தில் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள். வாரிசுகள் யார் என்று காட்ட, கர்நாடக வருவாய்த் துறை அலுவலகமான நாட கச்சேரியில் வம்சவிருட்சச் (குடும்ப மரம்) சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, வெளியூரில் இருக்கும் மகள்களின் பெயர்களையும் முகவரிகளையும் விட்டுவிடாதீர்கள்.