ஏறிய எடையில் குழந்தையின் பங்கு எவ்வளவு?

கர்ப்ப காலச் செக்கப்பில் முதல் வேலை எடை மெஷினில் ஏறி நிற்பதுதான். முள் நகர்ந்திருந்தால் குழந்தை நன்றாக வளர்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஏறிய எடையில் பெரும்பகுதி குழந்தையுடையது அல்ல.

பிரசவம் நெருங்கும்போது ஒருவருக்குப் பன்னிரண்டு கிலோ கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை அதில் மூன்றேகால் கிலோ இருக்கும். நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பனிக்குட நீர் முக்கால் கிலோ. கர்ப்பப்பை மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ வளர்ந்திருக்கும். புதிதாக ஊறிய ரத்தம் ஒன்றேகால் கிலோ. அப்புறம் உடம்பில் தேங்கிய நீர், மார்பக வளர்ச்சி, பால் கொடுக்கும் காலத்துக்கென்று சேர்த்துவைத்த மூன்று கிலோ கொழுப்பு.

சரி, அப்படியானால் தாயின் எடை குழந்தையின் எடையை எப்படித் தொடுகிறது? நஞ்சுக்கொடி வழியாகத்தான். தாயின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறதோ, அதற்கேற்ப குளுக்கோஸ் குழந்தைக்குக் கடந்து போகும். தாயின் இன்சுலின் மட்டும் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலின் சுரக்க வேண்டும். கருவுக்குள் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன் மாதிரி. கொழுப்பைச் சேர்த்துவைப்பதும் அதன் வேலை. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950களில் சொன்ன விளக்கம் இது, இன்றும் செல்லுபடியாகிறது. உடல் பருமன் உள்ள தாய்க்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தச் சர்க்கரை சற்று உயர்ந்தே இருப்பதுண்டு. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பிருந்த எடையும் கணக்கில் வருகிறது.

மெலிந்த தாய்க்குக் கதை வேறு. எடை போதுமான அளவு ஏறாதவர்களுக்கு ரத்தமும் அந்த அளவு பெருகுவதில்லை, நஞ்சுக்கொடிக்கான வரத்து குறைகிறது. இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் அதைக் குறைந்த எடை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் வரை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் மட்டும் பஞ்சத்தில் சிக்கியவர்களின் குழந்தைகளுக்கு எடை குறையவில்லை. 28ஆவது வாரத்தில் ஒரு கிலோ இருக்கும் சிசு, கடைசி பன்னிரண்டு வாரங்களில்தான் மூன்று மடங்காகிறது.

பெரிய அம்மாவுக்குப் பெரிய குழந்தை, எல்லாம் மரபணு என்று ஒரு வாதம் உண்டு. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதைச் சாமர்த்தியமாகச் சோதித்தது: ஒரே தாயின் வெவ்வேறு கர்ப்பங்களை ஒப்பிட்டது. தாய்க்குக் கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தைக்கு ஏறியது ஏழு கிராம் சொச்சம். ஆக, ‘ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு’ என்று அள்ளிவைப்பதில் பெரும்பங்கு அம்மாவின் உடம்பிலேயே தங்கிவிடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தாய்க்கு நாலு கிலோவைத் தாண்டிய குழந்தை பிறந்தால், கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நாம் கொஞ்சுகிறோம். நர்ஸோ அதன் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நின்றுவிட்டது. குழந்தையின் கணையத்துக்கு அது இன்னும் தெரியாது. பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் முன் முதல் பால் உள்ளே போக வேண்டும்.