டிரைவர் என்னும் சாதன இயக்கி: ஒரு சொல் விளக்கம்

புது பிரின்டர் வாங்கும்போது, "முதலில் டிரைவரைப் போட்டுவிடுங்கள்" என்பார் கடைக்காரர். அந்த டிரைவர் ஒரு சிறிய மென்பொருள். பிரின்டர், வைஃபை, கேமரா, ஒலி அட்டை என்று கணினியோடு சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அவற்றையெல்லாம் கற்று வைத்திருப்பதில்லை. 'இந்தப் பக்கத்தை அச்சிடு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கும். அதை அந்தக் குறிப்பிட்ட பிரின்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதும், காகிதம் தீர்ந்துவிட்ட செய்தியைத் திருப்பிக் கொண்டுவருவதும் டிரைவரின் வேலை.

நீலகிரிக்காரர்களுக்கு இதை மலை ரயிலை வைத்துச் சொல்லலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டப் பாதையில் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. எஞ்சினில் நிற்பவருக்கு முன்னே இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அடுத்தடுத்த பெட்டிகளில் நிற்பவர்கள் அதைப் பின்னுக்குக் கடத்துவார்கள். கணினிக்குள் இருக்கும் டிரைவர் இந்தக் கொடிக்காரரைப் போன்றவர். எஞ்சின் ஓட்டுபவரை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கேட்டால் பொருள் பிடிபடாது.

ஆங்கிலத்தில் இதன் வேர் மாடு மேய்ப்பில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'டிரீஃபன்' என்றால் கால்நடையைப் பின்னால் இருந்து விரட்டிச் செலுத்துதல். மாடு ஓட்டியவர் டிரைவர் ஆனார், அப்புறம் வண்டி ஓட்டியவர், பிறகு ரயிலும் காரும் ஓட்டியவர். மின்னணுவியலிலும் ஒரு டிரைவர் உண்டு. அடுத்து வரும் மோட்டாருக்கோ ஒலிபெருக்கிக்கோ போதுமான மின்னோட்டம் கொடுத்துச் செயல்பட வைக்கும் சுற்றுக்கு அந்தப் பெயர். கணினி டிரைவருக்கு மாட்டுக்காரரைவிட இந்தச் சுற்றுதான் நெருங்கிய உறவு.

தமிழில் 'சாதன இயக்கி' என்கிறோம், சுருக்கமாக 'இயக்கி'. நல்ல சொல் இது. அமைந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும். அடங்கு - அடக்கு, ஒதுங்கு - ஒதுக்கு, முடங்கு - முடக்கு என்பவை போல இயங்கு - இயக்கு. முன்னது தானாகச் செய்வது, பின்னது இன்னொன்றைச் செய்ய வைப்பது. அதனால்தான் மென்பொருள்கள் இயங்கும் இடம் 'இயங்குதளம்', சாதனத்தை இயங்க வைப்பது 'இயக்கி'. கடைசியில் நிற்கும் இகரமும் நமக்குப் பழக்கமானதுதான்: மண்வெட்டி, வடிகட்டி, தேங்காய்த் துருவி, ஒலிபெருக்கி. கருவிகளுக்கு நாம் காலங்காலமாகப் பெயர் வைக்கும் முறை அது. 'ஓட்டுநர்', 'இயக்குநர்' ஆகியவற்றின் 'நர்' விகுதி மனிதருக்கு உரியது. 'பிரின்டர் ஓட்டுநர்' என்று எழுதினால் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இயக்கிக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டு வரும் 'பூங்கண் இயக்கி' ஒரு பெண் தெய்வம். யட்சி என்ற சொல்லின் தமிழ் வடிவம் அது. தென்மாவட்டங்களில் இசக்கி என்று வழங்குகிறது. எழுத்து ஒன்றானாலும் பிறப்பு வேறு. கணினியில் தகவலைச் சேமித்து வைக்கும் 'டிரைவ்' வேறு. அதற்கு 'இயக்ககம்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதையும் இயக்கி என்று எழுதுவது வீண் குழப்பம்.

சரி, ஓர் இயக்கி தவறினால் கணினி முழுவதும் ஏன் விழுகிறது? பெரும்பாலான இயக்கிகள் கெர்னல் என்னும் உட்கருவுக்குள் அதன் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஒரு சாதாரணச் செயலி தவறினால் அதை மட்டும் மூடிவிடலாம். உட்கருவுக்குள் இருப்பது தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டால், அதன்பின் எந்தத் தகவலையும் நம்ப முடியாது. வட்டில் இருப்பதும் கெட்டுவிடக் கூடாது என்று இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. விண்டோஸின் நீலத்திரை அதுதான் (2025 முதல் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கருப்புத் திரையாகிவிட்டது). 1998 ஏப்ரலில், விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் மேடையில் அறிமுகப்படுத்தியபோது, ஸ்கேனரைச் செருகியதும் எல்லார் கண்முன்னும் அந்த நீலத்திரை வந்தது.

இங்கே கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதை நேரில் பார்க்கலாம். பச்சைத் தேயிலை எடைபோடும் தராசின் கேபிள் பழைய ஒன்பது முள் வகை, புதிய கணினியில் அதற்கு இடமில்லை. நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றியைச் செருகியிருப்பார்கள். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள், முதல் மூட்டை தராசில் ஏறியதும் திரை நீலமாகிவிடும். "அண்ணா, கம்ப்யூட்டரே போயிடுச்சு!" என்று போன் வரும். வெளியே சிறு விவசாயிகள் காத்திருப்பார்கள், மூட்டைக்குள் இலை சூடேறிக்கொண்டிருக்கும். கணினி எங்கும் போய்விடவில்லை. நீலத்திரையின் கீழ்ப்பகுதியில் சில சமயம் ஒரு கோப்பின் பெயர் வரும், கடைசியில் 'சிஸ்' (.sys) என்று முடியும். அதைப் போனில் படம் பிடித்து வையுங்கள். எந்த இயக்கி என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். மாற்றியைப் பிடுங்கிவிட்டுக் கணினியை ஏற்றி, தராசில் எதையும் வைக்காமல் மாற்றியை மறுபடி செருகி, விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகளுக்குப் போய், 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய இயக்கி திரும்பும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள். சாதனம் தயாரித்தவரின் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கணினி ஏறவே மறுத்தால் சேஃப் மோடில் ஏற்றலாம். அதில் அடிப்படை இயக்கிகள் மட்டுமே எழும். லினக்ஸ் ஆட்கள் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் உட்கரு எழுதிவைத்த பதிவைப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பின் பெயர் வந்தால் இயக்கியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ரேம் பழுதாக இருக்கலாம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ரேமின் தொடுமுனைகள் மங்கிப்போவதும் உண்டு; கழற்றித் துடைத்துச் செருகிப் பாருங்கள்.

'சாதன' என்ற அடைமொழி எல்லா இடத்திலும் பொருந்தாது. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறியதற்குக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் இயக்கி. பிழையான ஒரு கோப்பை அது படிக்கப்போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழித்தார்கள். அந்த இயக்கியின் பின்னால் எந்தச் சாதனமும் இல்லை. உட்கருவுக்குள் இடம் வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. இத்தகையவற்றை வெறும் 'இயக்கி' என்றோ 'உட்கரு இயக்கி' என்றோ எழுதுவதே சரி.

கணினி இப்படி விழுவதைச் சொல்லும் 'கிராஷ்' என்பதற்கு 'செயலிழப்பு' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு 'முடக்கம்' பிடிக்கும், இயக்கத்துக்கு நேர் எதிராக அதே வார்ப்பில் நிற்பதால். எழுதும்போது 'இயக்கியைப் புதுப்பி', 'முந்தைய இயக்கிக்குத் திரும்பு', 'இயக்கியை நீக்கு' என்றால் போதும். கடையில் பேசும்போது டிரைவர் என்றே சொல்லுங்கள், அங்கே அதுதான் சட்டென்று புரியும்.