தரகர் ஆவதற்கு நுழைவுக் கட்டணமா?

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் அந்த விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். கைப்பேசி போதும், வீட்டிலிருந்தே அஃபிலியேட் மார்க்கெட்டிங், மாதம் அரை லட்சம். வருமான வரி ரிட்டர்ன் போடும் காலம் வந்ததும், கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் என்னைப் போன்ற வரி ஆலோசகர் மேசைக்கு எதிரே அதை நம்பியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கமிஷன் வந்த கணக்கு கையில் இருக்காது. ‘கோர்ஸ்’ கட்டணம் கட்டிய ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகையிலிருந்து. இப்படி வருவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று இருந்தது, இப்போது வாரத்துக்கு ஒன்று என்றாகிவிட்டதால் எழுதித்தான் ஆகவேண்டும்.

அஃபிலியேட் என்பது தரகு. அதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. டெல்டாவில் தரகு தெரியாத வீடு ஏது? நெல்லுக்குத் தரகர், வைக்கோலுக்குத் தரகர், மாட்டுக்குத் தரகர், வரன் பார்க்கவும் தரகர். எந்த மாட்டுத் தரகராவது தரகர் ஆவதற்காக முப்பதாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறாரா? மாடு கைமாறினால் தரகு, மாறாவிட்டால் டீச்செலவு அவருடையது. இணையத்திலும் அதேதான். விற்கும் நிறுவனம் உங்களுக்கென்று ஒரு அடையாளக் குறி சேர்த்த லிங்க் தருகிறது. அந்த லிங்க் வழியாகப் போனவர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். சேர்வதற்குப் பணம் கிடையாது. 1996இல் அமேசான் தன் அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அதில் சேர ஒரு பைசா கட்டணமில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “நாங்கள் கட்டியது சேர்வதற்கு இல்லை சார், கோர்ஸுக்கு.” சரி, அந்தக் கோர்ஸில் என்ன சொல்லித் தந்தார்கள்? அதே கோர்ஸை அடுத்தவருக்கு விற்பது எப்படி என்று. விற்றால் எழுபது சதவீதம் கமிஷன். ஒரு பொருளின் விலையில் எழுபது சதவீதத்தைத் தரகருக்கே கொடுத்துவிட முடிகிறது என்றால், அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கும்? ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மறுபடி விற்கும் உரிமை கிடையாது என்று சொல்லி, அதே விலைக்கு அந்தக் கோர்ஸைக் கொடுத்தால் ஒருவராவது வாங்குவாரா? மாட்டார் என்றால் அங்கே விற்பது பாடம் இல்லை, ஆள் சேர்க்கும் உரிமை. ஆளுக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டே போங்கள். 21ஆவது படியில் மட்டும் 20,97,152 பேர் வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்தில் கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினாலும் அத்தனை பேர் கிடையாது. கடைசிப் படியில் நிற்பவர் யாரோ அல்ல. மச்சான், சித்தப்பா மகன், கூடப் படித்த தோழி என்று முதலில் சேர்ப்பதே நம் ஆட்களைத்தானே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978இலிருந்தே இருக்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் அதற்காகப் பணம் வாங்குவதும் அனுப்புவதும்கூட அதில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2021இன் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தைத் தடுக்கின்றன. ‘நானும் ஏமாந்தவன்தான்’ என்பது, நான்கு பேரைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவருக்கு அவ்வளவு எளிதாகக் கைகொடுக்காது.

டெலிகிராமில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடு, வீடியோவுக்கு லைக் போடு என்று ஆரம்பித்து, பிறகு ‘டாஸ்க்குக்கு முன்பணம்’ கேட்பது அஃபிலியேட்டே இல்லை. பச்சைத் திருட்டு. பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போகும், முடக்கப்படுவதும் உங்கள் கணக்குதான்.

இனி உண்மையான தொழில். அதன் கணக்கைப் பார்த்தாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அது நல்லதுதான். 2,500 ரூபாய்க்கு ஒரு பேட்டரி ஸ்பிரேயர், கமிஷன் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 125 ரூபாய். (வரி நீக்கிய விலைக்குத்தான் கமிஷன் என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.) நூறு பேர் லிங்க்கைத் தட்டினால் இரண்டு பேர் வாங்குவதாக வைத்தாலும், மாதம் பத்தாயிரம் பார்க்க எண்பது விற்பனை, நாலாயிரம் தட்டல் வேண்டும். அந்த நாலாயிரம் பேரும் வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்தால் பயனில்லை. வாங்கும் எண்ணத்தோடு தேடி வந்தவர்களாக இருக்கவேண்டும்.

அப்படித் தேடி வருபவர் எதைத் தேடுகிறார் என்பதில்தான் டெல்டாக்காரருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. புது மாடல் போனைப் பற்றி எழுத ஆயிரம் பேர். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், வீட்டிலேயே பார்க்க எந்தக் கருவி வாங்கலாம் என்று தேடுகிற விவசாயிக்கு ஒழுங்கான பதில் தமிழில் தேடினாலும் கிடைப்பது அரிது. அவருக்குச் சொல்லவேண்டியது ‘டாப் 5’ பட்டியல் இல்லை. மலிவாகக் கிடைக்கும் இரண்டு ஊசிக் கருவி மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது, நெல்லுக்கு உதவாது. தானிய மீட்டரில் நெல்லுக்கென்று தனி அளவுத்திட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டும். ஸ்பிரேயர் என்றால், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் அடிக்க 16 லிட்டர் டேங்கை ஏறத்தாழ பதின்மூன்று முறை நிரப்பவேண்டும். ஒரு சார்ஜில் அத்தனை டேங்க் அடிக்குமா, நிரப்பினால் முதுகில் எத்தனை கிலோ என்பதை அளந்து எழுதுங்கள். கைப்பேசியிலிருந்தே மோட்டாரைப் போட உதவும் பம்ப்செட் மொபைல் ஸ்டார்ட்டர் என்றால், 2ஜி மட்டும் பிடிக்கும் மாடலில் ஜியோ சிம் வேலை செய்யாது என்ற ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாங்கியவர் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். திருப்பிய பொருளுக்குக் கமிஷன் இல்லை, கணக்கில் ஏறியிருந்தாலும் கழிந்துவிடும். பொருளைத் தொட்டே பார்க்காமல் எழுதுகிறவர்களின் கணக்கில் இந்தக் கழிவுதான் அதிகம். கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்து வயலில் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

யூடியூபும் இன்ஸ்டாகிராமும் ஆள் கூட்டிவரட்டும், ஆனால் சொந்தமாக ஒரு வலைத்தளம் இருக்கட்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் நிலை எல்லோரும் பார்த்ததுதான். ஏஐயை விட்டு ஒரே ராத்திரியில் ஐந்நூறு கட்டுரை கொட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மொத்தமாகத் தயாரித்த சரக்கைக் குப்பை என்று ஒதுக்கும் விதியை கூகுள் 2024 மார்ச்சில் கொண்டுவந்துவிட்டது.

அமேசானில் அஃபிலியேட் கணக்கு தொடங்கியவர்கள் இடறி விழும் இடங்கள் எப்போதும் அதேதான். லிங்க்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கவேண்டும், அல்லது கூடையில் போட்டு வைத்திருக்கவேண்டும். முதல் 180 நாளில் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்த மூன்றை ஒப்பேற்ற மாமியாருக்கு மிக்ஸி, தம்பிக்கு ஹெட்போன் என்று வீட்டாரையே வாங்கவைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கும் உறவினர் வாங்குவதற்கும் கமிஷன் இல்லை, கணக்கும் போகும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பிடிஎஃப், அச்சு நோட்டீஸ் எதிலும் லிங்க் போடக்கூடாது. பணம் வர அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் ஆகும். மேட்டூர் திறந்த மறுநாளே கடைமடைக்குத் தண்ணீர் வருமா? அதுபோலத்தான். அந்த நம்பிக்கையில் கேமராவை இஎம்ஐயில் எடுக்காதீர்கள்.

‘இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம் என்று புரியவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அதைத் தெளிவாக, பேசுகிற மொழியிலேயே சொல்லவேண்டும். தமிழ் வீடியோவுக்குத் தமிழில். ஹேஷ்டேக் குவியலில் ஒளித்துவைப்பது செல்லாது. தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப்புகளின் ரெஃபரல் லிங்க் பக்கமே போகாதீர்கள், தயவுசெய்து. 2025இன் இணைய விளையாட்டுச் சட்டப்படி, அதை விளம்பரப்படுத்துகிறவருக்கே இரண்டாண்டு வரை சிறையோ 50 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

வரியைப் பற்றி ஆண்டு முழுக்க யாரும் கேட்பதில்லை. கமிஷன் ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனத்திடமிருந்து 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருமுன்பே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டாலும், பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தாலும் 20 சதவீதம். ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டு ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலும் வரியே வராது. ஆனால் பிடித்த டிடிஎஸ் திரும்ப வர ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும்.

இன்னொன்று, இது கணக்கு எழுதுகிறவர்களே செய்யும் தவறு. கமிஷன், தரகு வருமானத்தை மளிகைக்கடை வருமானம்போல 6 அல்லது 8 சதவீத லாபம் என்று அனுமானத்தில் காட்ட முடியாது. அந்தச் சலுகை தரகுக்குப் பொருந்தாது. வரவு செலவு எழுதித்தான் காட்டவேண்டும். செலவைக் கழிக்கலாம்: வலைத்தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் கட்டும் டொமைன், ஹோஸ்டிங் கட்டணம், இணைய பில்லில் தொழிலுக்கான பங்கு, விமர்சனத்துக்காக வாங்கிய பொருள். ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. அந்த நிலைக்கு வந்தவர்கள் கோர்ஸ் விற்க அலைவதில்லை.

ஆகவே ரிட்டர்ன் போட வரும்போது மாதவாரியான கமிஷன் அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம், 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம்), செலவுக்கான பில்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கோர்ஸ் முடித்ததற்கு லேமினேட் செய்து கொடுத்த சான்றிதழ் வேண்டாம். அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி எண்ணோடு பில் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கவாவது உதவும்.