வாயில் உடையும் ஆலிவ்

கரண்டியில் ஒரு பச்சை ஆலிவ். நிறம், பளபளப்பு, உருவம் எல்லாம் அசல்தான். வாயில் போட்டு நாக்கால் லேசாக அழுத்தினால் போதும், தோல் பட்டென்று உடைந்து வாயெல்லாம் ஆலிவ் சாறு. கொட்டையும் கிடையாது, சதையும் கிடையாது. ஸ்பெயினின் கேட்டலோனியக் கடற்கரையில், ரோசஸ் அருகே இருந்த எல் புல்லி உணவகத்தில் 2005-ல் இது மேசைக்கு வந்தது. செய்தவர் ஃபெரான் அட்ரியா.

1962-ல் பிறந்த அட்ரியா, ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கியவர். 1984-ல் எல் புல்லியில் சேர்ந்தார். 1997-ல் உணவகத்துக்கு, உணவகங்களின் தரத்துக்காக வழங்கப்படும் மிஷலின் நட்சத்திரங்களில் மூன்றாவது கிடைத்தது. வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் உணவகத்தை மூடிவிட்டு, பார்சிலோனா பட்டறையில் புதுப் பதார்த்தங்களைச் சோதித்துக்கொண்டிருப்பார்.

ஆலிவின் தோலுக்கு மூலப்பொருள் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட். தண்ணீரில் கரைத்தால், எதிர்மின்சுமை கொண்ட அதன் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் தனித்தனியே மிதக்கும். சோடியம் அயனிக்கு ஒரே ஒரு நேர்மின்சுமை. அதனால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. கால்சியத்துக்கு இரண்டு. சங்கிலியின் கண்ணிகளில் ஒரு வகையான குலுரானிக் அமிலம் வரிசையாக இருக்கும் இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. இரு சங்கிலிகளின் பள்ளங்களுக்கு நடுவே, முட்டைப் பெட்டிக்குள் முட்டை மாதிரி, கால்சியம் உட்கார்ந்துகொள்ளும். சங்கிலிகள் பிணைந்து, நொடிகளில் ஜெல் உருவாகிவிடும்.

இந்த வேதியியல் அட்ரியாவின் கண்டுபிடிப்பு அல்ல. செயற்கை செர்ரி செய்ய 1940-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 2003-ல் எல் புல்லி குழு அதை மேசைக்குக் கொண்டுவந்தது: முலாம்பழச் சாற்றில் ஆல்ஜினேட் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மீன் முட்டை போல ஆரஞ்சு மணிகள் உருண்டன.

பார்க்க அழகுதான், ஆனால் ஆயுள் குறைவு. கால்சியம் மெல்ல உள்ளே ஊடுருவிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் அலசி எடுத்தாலும், தோலில் தங்கிய கால்சியம் தன் வேலையை நிறுத்தாது. கொஞ்ச நேரத்தில் நடுவரை கெட்டியாகிவிடும். அதனால் செய்த கையோடு பரிமாற வேண்டும். சாறு ரொம்பப் புளித்தாலும் சிக்கல்: ஆல்ஜினேட் சரியாகக் கரையாது. அதற்குச் சோடியம் சிட்ரேட் சேர்த்துப் புளிப்பைத் தணிப்பார்கள். பால், தயிர் போன்றவற்றில் கால்சியம் ஏற்கெனவே இருப்பதால், ஆல்ஜினேட் கலந்ததுமே கெட்டிப்படத் தொடங்கிவிடும்.

என் பார்வையில் எல் புல்லியின் உண்மையான சாமர்த்தியம் அடுத்ததில்தான் இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினார்கள். சாற்றுக்குள் கால்சியம், வெளியே ஆல்ஜினேட் கரைசல். கால்சியம் குளோரைடு கசக்கும் என்பதால், சுவையைக் கெடுக்காத கால்சியம் குளுகோனோலாக்டேட்டைச் சாற்றில் சேர்த்தார்கள். உருண்டை கலையாமலிருக்க, சாற்றைக் கெட்டியாக்கச் சிறிது சாந்தன் கோந்து. இப்போது கால்சியம் வெளியே வருகிறது, தோல் வெளிப்பக்கமாக வளர்கிறது. அலசி எடுத்தால் வெளியே ஆல்ஜினேட் இல்லை, உள்ளேயும் இல்லை. வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். நடுவில் சாறு சாறாகவே இருக்கும். ஆலிவ்களை எண்ணெயில் போட்டுப் பாதுகாக்கவும் முடிந்தது.

செய்முறையை அட்ரியா பூட்டி வைக்கவில்லை. பட்டறைக் குறிப்புகளைப் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். தம்பி ஆல்பர்ட்டோடு சேர்ந்து ஆல்ஜினேட் போன்ற பொடிகளை டப்பாக்களில் விற்பனைக்கும் கொண்டுவந்தார். கோபன்ஹேகனில் நோமா உணவகத்தால் பெயர்பெற்ற ரெனே ரெட்செபி, இத்தாலியின் மாசிமோ பொட்டூரா போன்ற சமையல் கலைஞர்கள் எல் புல்லி அடுக்களையில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள். 2011 ஜூலையில் எல் புல்லி மூடப்பட்டது. ஆல்ஜினேட் முத்துகள் இப்போது காக்டெயில் கோப்பைகளிலும் மிதக்கின்றன. அவற்றில் பல, நடுவரை கெட்டியாகிப்போனவை.